ஜெயசீலியின் பொருத்தனையும் ஒரு கொய்யாப் பழமும்

போன மாதம் பெனிட்டா ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரியின் உணவுத் துறையில் இப்போது இருக்கிற டயட்டீஷியன்களில் அவள்தான் இளையவள். புதிதாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கும் ஒரு படிவத்தைப் படம் பிடித்திருந்தாள். நோயாளியின் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பற்றிப் பன்னிரண்டு கேள்விகள். ஏழாவது கேள்வி: ‘பழம் சாப்பிடுவீர்களா?’ பக்கத்தில் மூன்று கட்டங்கள். தினமும், எப்போதாவது, இல்லை. ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதும்.

“ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சிடுது மேடம். எப்டி இருக்குதுன்னு பாத்து சொல்லுங்க” என்று கீழே எழுதியிருந்தாள்.

நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். அந்த ஏழாவது கேள்வியை அதே சொற்களில் ஒரு பெண்ணிடம் நானும் கேட்டிருக்கிறேன். அவள் சொன்ன பதிலை எழுதியும் வைத்தேன். அந்தப் பதிலால் அவள் உயிர் போயிருக்கும். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. கிறிஸ்தவ சபையார் நடத்திய நூறு படுக்கை ஆஸ்பத்திரி. பெயர் இங்கே வேண்டியதில்லை. ஷூ கம்பெனிப் பெண்களும் தோல் பதனிடும் டேனரி ஆட்களும் அணைக்கட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பங்களும்தான் அதிகம் வருவார்கள். மனையியல் படித்து, சென்னையில் ஒரு வருடம் பயிற்சி முடித்துவிட்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். எந்தப் பழத்தில் எந்தச் சத்து எத்தனை மில்லிகிராம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு மனிதர் நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தெரியாது.

அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் துறைத் தலைவி எஸ்தர் மேடம். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். வார்டுக்குப் போகும்போது ஒரு துணிப்பை எடுத்துப்போவார். அதில் ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு கிண்ணம், பெரிதும் சிறிதுமாக இரண்டு கரண்டிகள், ஒரு பென்சில். நோயாளியின் கட்டிலைவிடத் தாழ்வான முக்காலியில் உட்காருவார். பிறகு கேட்பார்: “நேத்து கண்ணு முழிச்சதும் வாயில மொதல்ல போனது இன்னா?” அங்கே தொடங்கினால், படுக்கப் போகும்வரை ஒவ்வொரு வாயையும் கேட்டு வாங்குவார். எவ்வளவு என்று சொல்லவிடமாட்டார். டம்ளரை நீட்டி, எதுவரை என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வார். ஆமாம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வி ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வராது. முகத்தில் பாராட்டோ வருத்தமோ தெரியாது.

“நல்லதுன்னு ஒரு தடவ தலையாட்டிட்டேன்னு வெச்சுக்கோ, அடுத்த பதில்லேர்ந்து நம்மள சந்தோஷப்படுத்தத்தான் சொல்லுவாங்க வசந்தா. அவங்க கெட்டவங்க இல்ல. வீட்டுக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்ற மாதிரிதான் அதுவும்” என்று சொல்வார்.

வாணியம்பாடியிலிருந்து ஒரு பாய் வருவார். தோல் வியாபாரி. சர்க்கரை குறையவே இல்லை. “மிட்டாய் விட்டுட்டேன் மேடம், சோறு கம்மி பண்ணிட்டேன், பழம்தான் ஜாஸ்தி” என்று என்னிடம் சொன்னார். நான் மாத்திரையைச் சந்தேகப்பட்டேன். எஸ்தர் மேடம் டம்ளரை நீட்டியபோதுதான் தெரிந்தது. அந்தப் பழம் முழுவதும் ஜூஸாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு நான்கு டம்ளர், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சர்க்கரை. “பாய், பல்லு நல்லா இருக்குதுல்ல? கடிச்சு சாப்பிடுங்க. பிழிஞ்சா சக்கை போயிடுது, அதுலதான் உங்களுக்கு வேலையே இருக்குது” என்றார். அடுத்த மாதமே ஆள் ஓரளவு சரியாகிவிட்டார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. தினமும் பதினொரு மணிக்கு ஒரு கொய்யாப் பழம் சாப்பிடுவார். கழுவித் துடைத்து மேஜைமேல் வைத்து, கண்ணை மூடி நன்றி சொல்வார். மதியச் சாப்பாட்டுக்குச் சொல்கிற ஜெபத்தைவிட அது நீளமாக இருக்கும். சேர்ந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

“சோறு நாம ஆக்கறது. அரிசி களைஞ்சு, ஒல வெச்சு, வடிச்சு. அதுல நம்ம கையும் இருக்குது. இது அடுப்பே இல்லாம, ஆக்கி முடிச்சு, தோலு போட்டு மூடி, எட்டற எடத்துல வெச்சிருக்குது. ஆதாமும் ஏவாளும் கண்ண தொறந்தப்ப அவங்க சாப்பாடு ரெடியா மரத்துல இருந்துச்சு. அத நெனச்சா சட்டுனு வாயில போட முடியல” என்றார்.

நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனாலும் பழம் என்றால் எனக்கு மில்லிகிராம்தான். அது மாறியது ஜெயசீலி வந்தபோது. எனக்கு அப்போது பதினெட்டு வருட அனுபவம். அந்தத் தவறு புதிதாக வந்தவள் செய்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஜெயசீலிக்கு நாற்பத்து நான்கு வயது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவில் வேலை. கணவர் தாசன் டேனரியில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். ஒரே மகன், ஜோயல். அவளை வீல்சேரில்தான் கொண்டுவந்தார்கள். முழங்காலை நீட்ட முடியவில்லை. தொடையின் பின்பக்கம் கன்றிக் கறுத்திருந்தது. ஈறுகள் வீங்கி, பேசும்போதே ரத்தம் கசிந்தது. ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் சரியாகவே இருந்தன. பிறகு ஏன் கசிகிறது என்று டாக்டருக்குப் புரியவில்லை. அவர் வயதில் சிறியவர், கெட்டிக்காரப் பெண். பெரிய வியாதி ஏதாவது இருக்கலாம் என்று பயந்தார்.

அன்று மதியத்துக்குள் நான் பதினான்கு படுக்கை பார்க்க வேண்டியிருந்தது. ஜெயசீலியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அலமாரியின் மேல் ஆப்பிளும் சாத்துக்குடியும் திராட்சையும் குவிந்து கிடந்தன. சபையார் பார்க்க வரும்போது கொண்டுவந்தவை. நான் நின்றபடியே கேட்டேன்.

“பழம்லாம் சாப்பிடுவீங்களா?”

அவள் தாசனைப் பார்த்தாள். தாசன், “வாரா வாரம் வாங்கியாந்து போட்ருவேன் மேடம்” என்றார். அவள் தலையை ஆட்டினாள். பழம், தினமும் என்று அவள் சார்ட்டில் மையால் எழுதினேன். கேள்விக்கு முன்பே அந்தப் பழக்குவியல் எனக்குப் பதில் சொல்லிவிட்டிருந்தது.

மூன்று நாட்களில் அவள் இன்னும் மோசமானாள். எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றியது. எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்கவேண்டும், திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். தாசன் வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். 

வெள்ளிக்கிழமை காலை எஸ்தர் மேடமும் நானும் அந்த வார்டுக்குப் போனபோது, நர்ஸ் ஜெயசீலியின் அடிவயிற்றில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். சிசேரியன் தழும்பின் ஒரு ஓரம் ஓர் அங்குலத்துக்குப் பிரிந்து, ஈரமாக இருந்தது.

“எப்போ பண்ண ஆபரேஷன்?” என்றார் மேடம்.

“பையன் பொறந்தப்போ. இருபது வருசம் ஆவுது மேடம்” என்றார் தாசன்.

மேடம் குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து டம்ளரை எடுத்தார்.

“நேத்து கண்ணு முழிச்சதும் வாயில மொதல்ல போனது இன்னாம்மா?”

“டீ.”

“எப்டி டீ?”

“பாலு இல்லாம. சர்க்கரையும் போட மாட்டேன்.”

“இதுல எவ்ளோ இருக்கும்?”

ஜெயசீலி பாதியில் விரல் வைத்தாள்.

“அப்புறம்?”

“கஞ்சி ஒரு டம்ளர்.”

“அப்புறம்?”

“மதியம் சோறு.”

“தொட்டுக்க இன்னா?”

“உப்பு.”

“உப்பு சரி. தொட்டுக்க?”

“உப்புதான் மேடம்.”

“நேத்து நம்ம கிச்சன்லேர்ந்து வந்த தட்டுல கீரக்கூட்டு இருந்துச்சு, வாழப்பழம் இருந்துச்சு. அது யாருக்குப் போச்சு?”

ஜெயசீலி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த பெண், “எனக்குத்தான் மேடம் குடுத்துடுது. இந்தப் பழம் பூரா வார்டுல இருக்கிற பசங்களுக்குப் போவுது. இது ஒண்ணும் தொடறதில்ல” என்றாள்.

 நான் மேடத்தைப் பார்க்கவில்லை.

“வீட்டுல இருந்தப்ப இன்னா சாப்ட்ட?” என்று கேட்டு, மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். வார்டில் எல்லோரும் பார்ப்பது தெரிந்து, திரையை இழுத்து மூடச் சொன்னார். உள்ளே நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம்.

ஜெயசீலி மெதுவாகச் சொன்னாள். ஏழு மாதத்துக்கு முன் ஜோயல் காலேஜ் பரீட்சையில் தேறவில்லை. அந்தக் கோபத்தில், “உன்ன பெத்ததுக்கு பெக்காமலே இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அவன் வீட்டில் இல்லை. பெங்களூருவில் ஏதோ கடையில் இருப்பதாக நண்பர்கள் சொன்னார்கள். போனை எடுப்பதில்லை. அன்றே அவள் கடவுளிடம் ஒரு பொருத்தனை செய்துகொண்டாள். மகன் திரும்பி வரும்வரை நாக்குக்கு ருசியான எதுவும் இல்லை. காய் இல்லை, குழம்பு இல்லை, பழம் இல்லவே இல்லை. கஞ்சியோ சோறோ, அதுவும் உப்பு மட்டும் போட்டு.

“நாக்கால செஞ்ச பாவம் மேடம். ஏவாளும் வாயாலதானே கெட்டா” என்றாள்.

“எனக்கு ஏன் சொல்லல நீ?” என்றார் தாசன். அவர் இரண்டாம் ஷிப்டுக்குப் போய், ராத்திரி அவள் சாப்பிட்ட பிறகு வருகிறவர்.

“உபவாசத்த வெளிய காட்டிக்காம இருக்கணும்னுதானே வேதத்துல இருக்குது. அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல.”

மேடம் உடனே போய் டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் திரைக்குள் வந்து ஜெயசீலியின் கால்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். முடி ஒவ்வொன்றும் சுருண்டிருந்தது. “ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாம வர்றது. மொத நாளே தோணுச்சு. சார்ட்டுல பழம் தினமும்னு இருந்துச்சு, அதனால விட்டுட்டேன்” என்றார்.

“அத எழுதுனது நான்தான் டாக்டர். சரியா கேக்காம எழுதிட்டேன்” என்றேன். மேடம் என் பக்கம் திரும்பவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தவர் போல நின்றார். ஜெயசீலியிடமும் சொன்னேன். டாக்டர் சார்ட்டை மூடி, “நானும் நேரா கேட்டிருக்கணும்” என்றார்.  இன்றும் மையால் எதையாவது எழுதும்போது எனக்கு அந்தத் ‘தினமும்’ நினைவுக்கு வரும்.

பிறகு தாசனிடம் டாக்டர் விளக்கினார். நம் உடம்பைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு நார். தோலிலும் ஈறிலும் ரத்தக்குழாயிலும் எலும்பிலும் அதுதான். ஒருமுறை நெய்து முடித்துவிடுகிற துணி இல்லை அது. பழையது கரையக் கரைய உடம்பு புதியதை நெய்துகொண்டே இருக்கிறது. அப்படி நெய்வதற்குப் பழத்திலும் காயிலும் இருக்கிற வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால், என்றோ ஆறிய காயம்கூடத் திரும்பப் பிரியும்.

தாசன் டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். “மாட்டுத் தோல்ல இருக்குதே, அந்த நாரா?”

“அதேதான்.”

“அது விட்டுப்போன தோல கையில தொட்டாலே தெரியும். தொளதொளன்னு, தண்ணிமேல நிக்கிற மாதிரி இருக்கும். ஓரமா போட்ருவோம்.” அவர் மனைவியின் கையைத் தடவிப் பார்த்தார். இருபத்தைந்து வருடம் அவருடைய கை தோலைத் தடவியே பிழைத்திருக்கிறது.

டாக்டர் மாத்திரை எழுதினார். ஊசி மறுநாள்தான் வரும் என்றார்கள். மாத்திரை வந்தது. ஜெயசீலி மருந்துதானே என்று வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு கணம்தான். சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை அது. ஆரஞ்சு ருசி. உடனே உள்ளங்கையில் துப்பிவிட்டாள்.

வெளியே வந்ததும், “பொடி பண்ணி கஞ்சில கலந்து குடுத்துடலாம் மேடம். சொல்ல வேணாம்” என்றேன்.

“ஏமாத்துனா உடம்பு சேரும். ஆனா இவ இனிமே யார்கிட்டயும் உண்மைய சொல்ல மாட்டா” என்றார் அவர். நேராகத் துறைக்குப் போனார். அன்றைய பதினொரு மணிப் பழம் மேஜைமேல் இருந்தது. அதையும் ஒரு டீ வடிகட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

முக்காலியில் உட்கார்ந்து, ஜெயசீலியிடம் பேசினார். குரலில் உபதேசம் இல்லை.

“ஏவாளப் பத்தி சொன்ன. அந்தத் தோட்டத்துல ஆண்டவர் மொதல்ல சொன்னது இன்னா? எல்லா மரத்து பழத்தையும் தாராளமா சாப்பிடுன்னுதான் மொதல்ல சொன்னார். வேணாம்னது ஒரே ஒரு மரம், அதுவும் அப்புறம்தான். நீ அந்த ஒண்ண விட்டுட்டு மத்ததெல்லாம் வேணான்னுட்ட.” கொய்யாவை மடியில் வைத்துக்கொண்டார். “உன் பொருத்தனைய விடுன்னு சொல்ல நான் யாரு. நீ யார்கிட்ட பண்ணியோ அவர்கிட்டயே கேளு. நான் இங்கயே இருக்கேன்.”

அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜெயசீலி கண்ணை மூடினாள். வார்டில் மதியச் சாப்பாட்டுத் தட்டுகள் வந்து போயின. மேடம் அசையவில்லை. கொய்யா அவர் மடியில் இருந்தது. அதன் வாசனை திரைக்குள் நிறைந்திருந்தது.

தாசன்தான் கடைசியில் பேசினார். கட்டுத் துணிக்கு மேலே, படாமல் கையை நீட்டியபடி, “அவன் வந்த வழி பிரியுது ஜெயா. அவன் திரும்பி வரும்போது நீ இருக்கணும்ல” என்றார்.

அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள்.

வீங்கிய ஈறு கடிக்கவிடாது. மேடம் பழத்தைத் துண்டாக்கி, வடிகட்டியில் போட்டுக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தார். விதை மேலே தங்கியது. கீழே கிண்ணத்தில் விழுதாக இறங்கியது. ஒரு பழத்துக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அரைக் கரண்டி எடுத்து அவள் வாயில் வைத்தார். ஜெயசீலியின் கன்னத்தில் நீர் வழிந்தது.

“எரியுதா?”

“இல்லக்கா. ருசியா இருக்குது. அதான் அழுவுறேன்.”

அன்று மாலை மாத்திரையையும் சப்பிச் சாப்பிட்டாள்.

இனி நடந்ததைப் புத்தகத்தில் நான் படித்திருந்தேன். கண்ணால் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. மறுநாள் காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாக வந்தது. நர்ஸ் அந்தத் தண்ணீரைக் கிண்ணத்தோடு எடுத்துவந்து எங்களிடம் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கால் வலி குறைந்து, முழங்காலைப் பாதி நீட்டினாள். மஜ்ஜைப் பரிசோதனை வேண்டாம் என்று டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதியிருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டார். ஐந்தாம் நாள் ஈறு சுருங்கி, பற்களின் வடிவம் வெளியே தெரிந்தது. தொடையின் கறுப்பு பச்சையாகி, மஞ்சளாகி, ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே வந்தது. நான் தினமும் காலையும் மாலையும் ஏதாவது சாக்குச் சொல்லி அந்தக் கட்டிலுக்குப் போய்விடுவேன். ஒரு கொய்யா, ஒரு நெல்லிக்காய், ஒரு சாத்துக்குடி. வேலூர் லாங் பஜாரில் கூடை கூடையாகக் கொட்டிக்கிடக்கிறவை. அவற்றை நான் அத்தனை வருடம் எண்களாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவள் உடம்புக்குள் அவை என்ன செய்கின்றன என்பதை இப்போதுதான் நின்று பார்த்தேன். எட்டாம் நாள் கட்டுப் பிரித்தபோது, பிரிந்திருந்த தழும்பின் இரண்டு ஓரமும் அடியிலிருந்து ஒட்டத் தொடங்கியிருந்தன. நூல் இல்லை, ஊசி இல்லை. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது, வார்த்தை எதுவும் வரவில்லை.

அந்த நாட்களில் தாசன், மகனின் நண்பன் ஒருவன் போனிலிருந்து ஜோயலிடம் பேசியிருக்கிறார். என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. பதினாறாம் நாள் ஜெயசீலி நடந்து வீட்டுக்குப் போனாள்.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தாள். முகம் தெளிந்து, நான்கு கிலோ கூடியிருந்தாள். கூட ஒல்லியாக, உயரமாக ஒரு பையன். அறைக்குள் வராமல் வாசலிலேயே செருப்பைப் பார்த்தபடி நின்றான்.

“போன வாரம் வந்தான்க்கா” என்றாள் எஸ்தர் மேடத்திடம். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஏழு மாசம் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன், வரல. விட்டப்புறம் வந்தான். இத நான் எப்டி எடுத்துக்கறது?”

மேடம் வேதத்திலிருந்து ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். எதற்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும்.

“எனக்குத் தெரியலம்மா” என்றார். அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி அன்றுதான் கேட்டேன். “பையன் பசியா இருக்கிற மாதிரி இருக்குது. கூட்டிட்டுப் போய் எதுனா வாங்கிக் குடு.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் ஐந்து படிகள். ஜோயல் அம்மாவின் முழங்கையைப் பிடிக்கக் கை நீட்டினான். அவள் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கினாள். அவன் ஒரு படி பின்னால், இரண்டு கைகளையும் பாதி நீட்டியபடியே இறங்கி வந்தான்.